நாற்காலி கேட்டு வந்தவன்

என் மருமகளைப் பற்றிச் சொல்கிறேன். ஆளைத் தூக்கி வைத்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை. அவள் சமையல் வாயில் வைக்க விளங்காது. துணி மடிக்கச் சொன்னால் சுருட்டி வைப்பாள். ஆனால் வேலையில் கெட்டிக்காரி. கரண்ட் கம்பெனிக்கு வரும் புகார்களைப் போனில் கேட்பவள். தாம்தூம் என்று குதிக்கிறவனும் கடைசியில் "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லித்தான் போனை வைப்பான்.

மூன்று வருஷமாக அவளும் என் மகனும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவன் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஆபீஸ் கொடுத்த சுழல் நாற்காலியில். இவள் சமையலறையில், மாவு டப்பா மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஸ்டூலில். குழந்தை அழுதால் யார் ஓடுவது? ஸ்டூல்காரிதான். பேரன் ஓரிடத்தில் நிற்கிற ரகமில்லை. அவனைத் துரத்திப் பிடிக்க என் முட்டிக்கு ஆகாது.

போன மாதம் அவள் ஆபீஸில் எல்லாரையும் திரும்பி வரச் சொன்னார்கள். அதே வாரம் மகனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளிடம் வந்தான்.

"எங்க ஆபீஸ்லயும் கூப்பிடறாங்க. வராதவன் சீட்டைக் கிழிச்சிருவாங்களாம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

பிள்ளையோடு ஒருவர் இருந்தாக வேண்டும். அவளுக்கோ பத்துப் பேரை மேய்க்கிற பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"பாவம் அத்தை, அவருதான் என்ன செய்வாரு" என்று வேலையை விட்டாள். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருந்தாள். எனக்கு முட்டிதான் போச்சு, காது நன்றாகவே கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மகனோடு வேலை பார்ப்பவன் ஒருவன் வந்தான். நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

"நாற்காலிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா. என்னுது கால் ஒடிஞ்சிருச்சு. அவனுக்குத்தான் நாளையிலேர்ந்து வேண்டாமே."

"உனக்கு மட்டும் எதுக்கு? நீயும்தானே ஆபீஸ் போகணும்?"

"நான் ஏம்மா போகணும்? இஷ்டம் இருக்கறவங்கள மட்டும்தான் வரச் சொன்னாங்க. கேட்டதும் முதல்ல கை தூக்கினதே உங்க புள்ளதான். வீட்டைவிட்டுத் தப்பிச்சாப் போதும்டான்னான்!"

சிரித்தான். என் முகத்தையும் பக்கத்தில் நின்ற மருமகள் முகத்தையும் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

மகன் பாதிச் சவரத்தில், நுரையும் தானுமாக வந்து நின்றான். மருமகள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் வந்துடறேன்க்கா."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "அடடா, வெள்ளிக்கிழமையே வேற ஆளைப் போட்டுட்டோமேம்மா."

"வேற வேலை கிடைக்காமலா போயிடும்?" என்றது நுரை மூஞ்சி.

"கிடைக்கும். வீட்ல இருக்க முடியலன்னு என்கிட்ட சொல்லியிருந்தா, ஆளுக்குப் பாதி நாள்னு ஏதாவது பாத்திருப்போம். பொய் சொல்லி, என் வாயாலயே உங்களைப் பாவம்னு சொல்ல வச்சீங்களே..."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரையெல்லாம் சமாதானப்படுத்தின வாய்.

"எனக்கு மூச்சு முட்டுச்சும்மா" என்றான் என்னிடம்.

"அவளுக்கு மூக்கு என்ன அலங்காரத்துக்காடா இருக்கு?"

நெட்டை நாற்காலியைத் தொடாமலே நழுவினான். போகும்போதும் இடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை மகன் புதுச் சட்டை போட்டு, ஷூவைப் பளபளவென்று துடைத்துக் கிளம்பினான். அவனுக்கு முன்னால் அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தோளில் பை.

"எங்க கிளம்பிட்ட? புள்ளைய யாரு பாக்கறது?"

"வேலை தேடப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது."

பேரன் ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான். மகன் என்னைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா பாக்கற? நாற்காலி உள்ளதான் இருக்கு. போய் உக்காரு."

நான் ஜன்னலுக்குப் போனேன். தெருமுனை போவதற்குள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.