பங்கருக்குப் பிறகு ஒரு படம்

என் மகள் வதனிக்கு ஆறு வயதாகியும் அவள் வாயிலிருந்து "அப்பா" என்ற சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். குளிக்கவென்று கையைப் பிடித்தால் அலறுவாள். தலையைச் சுவரில் இடிப்பாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு ஓட்டிசம் எண்டு பேர். மருந்து குடுத்து மாத்திற வருத்தமில்லை. பிள்ளை தன்ரை வழியிலைதான் விளங்கிக்கொள்ளுவா" என்றார். அந்த வழி எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேருந்தில் வரும் வழியெல்லாம் மனைவி பரமேஸ் அழுதுகொண்டே வந்தாள்.

அடியார்களே, நான் நெல்லியடிக்குக் கிட்டச் சுருட்டுச் சுற்றுகிறவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து நீங்கள் பிள்ளையார் செய்த நன்மைகளைச் சொல்லும்போது நான் தூணோடு நின்று கேட்பதோடு சரி. கதைக்க வெட்கம். அதனால் எழுதித் தருகிறேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு என் சித்தப்பா காலமானார். அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை எங்களுக்குச் சாவுத் துடக்கு. அந்தத் தீட்டோடு விளக்கு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை. பரமேஸ் சாமிப் படங்களுக்கு முன்னால் ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டு மறைத்தாள். அன்றைக்கே வதனி சாப்பாட்டை விட்டாள். பல் விளக்க வரவில்லை. விடிந்தது முதல் அலறல். சித்தப்பாவின் ஆவி பிடித்திருக்கிறது என்று சொந்தக்காரர் சொன்னார்கள். மந்திரிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து நூலும் கட்டினோம். நூலைக் கடித்தே அறுத்துவிட்டாள். பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தாள்.

துடக்கோடு கோவிலுக்குள் போக முடியாது. தெருவில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று கோபுரத்தைப் பார்த்தேன். "பிள்ளையாரே, இவளுக்கு ஒரு வாய்ச்சொல் குடு. என்ன வேணுமெண்டு சொல்ல ஒரு சொல் போதும்" என்று கேட்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அலறல் இல்லை. பயந்துபோய் உள்ளே ஓடினேன். வதனி அந்த வேட்டியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு நின்றாள். பிள்ளையார் படத்தைத் தொட்டாள். பிறகு முருகன், பிறகு அம்மன். பரமேஸ் தினமும் காலையில் பூ வைத்துப் போகும் அதே ஒழுங்கு. கடைசிப் படத்தைத் தொட்டதும் திரும்பி, தானாகவே கிணற்றடிக்கு நடந்து போய்ப் பல் விளக்க வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் அந்தப் படங்களில்தான் தொடங்கியிருக்கிறது. நாங்கள் மறைத்த அன்றிலிருந்து அவளுக்கு விடியவே இல்லை.

"இஞ்சாரப்பா, இனி என்ன செய்யிறது? துடக்கெல்லோ?" என்று பரமேஸிடம் கேட்டேன்.

"துடக்கெண்டு அவளுக்குத் தெரியுமே? அவளுக்குத் தெரியாதெண்டு பிள்ளையாருக்குத் தெரியும். துணியை எடுத்து விடுங்கோ" என்றாள்.

நான் கேட்டது ஒரு வாய்ச்சொல். பிள்ளையார் தன் படத்தையே காட்டினார். அப்படித்தான் நான் நம்புகிறேன்.

படம் பார்த்தால் அவளுக்கு விளங்கும் என்று கண்டபிறகு, சுருட்டுப் பெட்டி மட்டைகளைக் கேட்டு வாங்கி, மத்தியானம் சுருட்டுக் கொட்டிலில் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் படம் கீறினேன். கிணறு, சோறு, சட்டை, பாய். பக்கத்து வளவுத் தம்பிராசா அண்ணையும் என்னோடுதான் சுருட்டுச் சுற்றுகிறவர். எட்டிப் பார்த்தார்.

"என்னடாப்பா இது, ஆமையோ?"

"சோத்துக் கோப்பை, அண்ணை."

"உந்தக் கோப்பையிலை சோத்தைப் போட்டால் அது ஊர்ந்து போடும்!"

கொட்டிலே சிரித்தது. ஆனால் வீட்டில் காட்டியபோது வதனி சிரிக்கவில்லை. அவளுக்கு என் ஆமை கோப்பையாகத்தான் தெரிந்தது. சாமிப் படங்களுக்குக் கீழே கயிறு கட்டி, அடுத்து நடப்பதை வரிசையாகத் தொங்கவிட்டோம். ஒன்று முடிந்தால் அவளே மட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் போடுவாள். குளிக்கும்போது அலறுவது மெல்ல மெல்ல நின்றது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியது. எல்லோரையும் போல நாங்களும் குண்டுக்குப் பதுங்க வளவில் பங்கர் வெட்டினோம். மேலே பனங்குற்றி, மண்மூட்டை. உள்ளே இருட்டு. வதனி இறங்க மறுத்தாள். குண்டு போட வரும் பொம்பர் சத்தம் கேட்டால் ஓடிப்போய் மாமரத்தைக் கட்டிப்பிடிப்பாள். பிய்த்தெடுக்க முடியாது. ஊஞ்சல் கட்டியிருந்த மரம் அது. நான் அவளுக்கு மேலே கவிழ்ந்து படுப்பேன். பரமேஸைப் பங்கருக்குள் போகச் சொன்னால், "நீங்கள் ரெண்டுபேரும் வெளியிலை கிடக்க நான் உள்ளை என்னத்துக்கு?" என்று அவளும் வந்து பக்கத்தில் படுப்பாள். ஒரு குண்டு விழுந்தால் மூன்று பேரும் போவோம்.

பங்கரையும் கீறினேன். கயிற்றில் கடைசியாகத் தொங்கவிட்டேன். வதனி அதைப் பிடுங்கி எறிந்தாள். திரும்பக் கட்டினேன். திரும்ப எறிந்தாள். அன்று சாமிப் படத்துக்கு முன்னால் இருந்து, "அப்பனே, இவ்வளவு காட்டினனீ. இதையும் காட்டு" என்று கேட்டேன். பின்னால் நின்ற பரமேஸ் கயிற்றைப் பார்த்தபடி சொன்னாள்:

"பங்கருக்குப் பிறகு நீங்கள் ஒண்டுமே கீறேல்லை. போனால் திரும்பி வாறதில்லை எண்டெல்லோ பிள்ளை நினைக்கும்?"

உடனே ஊஞ்சலைக் கீறினேன். பங்கர், அதற்குப் பக்கத்தில் ஊஞ்சல். முதலில் சத்தமில்லாத நேரங்களில் காட்டி, இறக்கி, உடனே ஏற்றி, ஊஞ்சல் ஆட்டினோம். வதனி இரண்டு மட்டையையும் மாறி மாறிப் பார்ப்பாள். பிறகு ஊஞ்சல் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கப் பழகினாள்.

ஒரு நாள் காலை பொம்பர் தாழ்வாக வந்தது. மட்டைகளைக் காட்டினேன். வதனி எனக்கு முன்னால் நடந்து போய்ப் பங்கருக்குள் இறங்கினாள். நாங்கள் இறங்கினதும் நிலம் அதிர்ந்தது. மண் தலையில் கொட்டியது. நான் தேவாரம் சொல்ல முயன்றேன், ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று மட்டும் சொன்னேன்.

சத்தம் ஓய்ந்து வெளியே வந்தோம். மாமரம் நடுவால் பிளந்து கிடந்தது. அதனடியில் நாங்கள் வழக்கமாகக் கவிழ்ந்து படுக்கிற இடம் ஒரே குழி. பரமேஸ் அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். வதனி மட்டும் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து, ஊஞ்சல் மட்டையை என் கையில் வைத்தாள்.

குழிக்குள் கிடந்த கயிற்றை எடுத்து, மண்ணைத் தட்டி, வீட்டுக் கூரை வளையில் ஊஞ்சல் கட்டினேன். சேதம் பார்க்க வேலி தாண்டி ஓடிவந்த தம்பிராசா அண்ணை வாசலில் திகைத்து நின்றார்.

"விசரே உனக்கு? குண்டு விழுந்த வீட்டிலை ஊஞ்சல் ஆட்டுறாய்!"

"பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன், அண்ணை."

அவர் வந்து மற்றப் பக்கம் நின்று ஆட்டினார்.

இது நடந்து சில வருடமாகிவிட்டது. வதனி இன்றும் கதைப்பதில்லை. முன்பு அவளைத் திருவிழாவுக்குக் கொண்டுவரப் பயந்தோம். இப்போது தேர், திருநீறு, வீடு என்று கீறிக் காட்டிக் கூட்டி வருகிறோம். நீங்களும் அவளைக் கண்டிருப்பீர்கள். காதைப் பொத்திக்கொண்டு, மட்டையைப் பிடித்தபடி நிற்பாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மனம் விடாதீர்கள். பிள்ளையாரிடம் கேளுங்கள், கேட்டபின் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். படம் கீற வராவிட்டால் என்னிடம் வாருங்கள். ஆமை மாதிரித்தான் வரும். பரவாயில்லை, பிள்ளைக்கு விளங்கும்.