தட்டுமுட்டு

‘வேர்ச்சொல்’ என்றால்தான் ஆபீஸில் அவரைத் தெரியும். குழாய் ரிப்பேருக்கு வந்தவரையும் உட்காரவைத்து, ‘குழாய்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று விளக்கி அனுப்புகிற மனிதர். குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

வீடு மாற வேண்டிய நாள் வந்தது. அலைந்து வீடு பார்த்ததிலிருந்து மூட்டை கட்டியதுவரை எல்லாம் மனைவிதான். லாரியில் இனி ஒரே ஒரு சாமானுக்குத்தான் இடம். வாசலுக்கு வெளியே அவளுடைய தையல் மிஷின் நின்றது, உள்ளே அவருடைய அகராதி பீரோ. ஏற்றாமல் விடுவது பழைய சாமான் கடைக்குப் போகும்.

“மிஷின் வெறும் தட்டுமுட்டும்மா,” என்று அவர் ஆரம்பித்தார். “கையால தட்டுறது, கால்ல முட்டுறது, அதான் தட்டுமுட்டு. உன் மிஷின் தினமும் என் முட்டியில முட்டுது. பீரோ யாரையாவது முட்டியிருக்கா? அது பொருள். பொருள்னா அர்த்தம்னும் அர்த்தம்.”

இது எந்த அகராதியில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பீரோச் சாவி தொலைந்தே பல வருஷம்.

“பொண்ணு படிப்பே அந்த மிஷின்லதாங்க ஓடுது,” என்றாள் அவள். அது அவருக்கும் தெரியும். ஆனால் விளக்கம் இவ்வளவு அழகாக அமைந்த பிறகு விட்டுக்கொடுக்க முடியுமா?

“பீரோவைத் தூக்குங்கப்பா.”

ஆட்கள் வெளியே நின்று இழுத்தார்கள். “சார், உள்ளேருந்து ஒரு கை குடுங்க!” என்றார் ஒருவர். ‘கை கொடுப்பது’ என்றால் என்ன என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே பீரோ சாய்ந்து, வாசல் நிலையில் வசமாகச் சிக்கிக்கொண்டது.

“இனி தச்சர்தான் வரணும், சார்.”

அவள் பெருமூச்சு விட்டாள். “மிஷினை ஏத்துங்க,” என்றாள் ஆட்களிடம். பீரோ இடுக்கு வழியாகக் குரல் கொடுத்தாள்: “ஏங்க, பின்கதவைப் பூட்டிட்டு ஆட்டோ பிடிச்சு வாங்க.” அவளோடு லாரி கிளம்பிவிட்டது. அவருடைய போனும் மூட்டையோடு போய்விட்டது.

பின்கதவைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிச் சாய்ந்துகொண்டார்.

“எந்தத் தெரு, சார்?”

அவருக்குப் பகீரென்றது. புது வீட்டைப் பற்றி அவள் எத்தனையோ தடவை, “அந்தத் தெருவுல...” என்று ஆரம்பித்திருந்தாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இவர் பேசப் போய், மீதியை அவள் சொல்லவே முடிந்ததில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

“தெருங்கிறது பாருங்க...” என்று வாய் தானாக ஆரம்பித்தது.

ஆட்டோக்காரர் மீட்டரைப் போட்டார்.