கையெழுத்துக்கு மேலே இருந்த இடம்

எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் போர் வண்டி நின்று ஒரு வாரம் துளை போட்டது. தண்ணீருக்கு அல்ல. உருளை உருளையாகக் கல்லை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். துளையைச் சிமெண்டால் அடைத்து, சிவப்புப் பெயிண்டில் எண் எழுதினார்கள். அடியில் தங்கம் இருக்கிறதாம். சுரங்கம் வந்தால் ஆடுகள் எங்கே மேயும் என்று யாரும் சொல்லவில்லை. என் வீட்டைப் போலப் பாதி வீடுகளுக்கு நிலம் கிடையாது, ஆடுதான் சோறு.

கிராமசபையில் சுரங்கம் வேண்டாமென்று தீர்மானம் போட முடிவானது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம். முதலில் எல்லோரும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். மேலே விட்டிருக்கும் இடத்தில் ஊராட்சி செயலர் பிறகு தீர்மானத்தை எழுதிக்கொள்வார். பெண்கள் ஆட்டை அவிழ்க்கப் போகவேண்டும், எனக்குக் கப்பலூர் பட்டறையில் ஷிப்ட். அன்றும் கை தூக்கினோம், கையெழுத்துப் போட்டோம், கலைந்தோம்.

வீட்டில் பட்டறைச் சட்டையை மாட்டும்போது அந்த வெள்ளைத்தாள் கண்ணில் வந்து நின்றது. அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாமே?

மனைவியிடம் சொன்னேன். "ஆரம்பிச்சாச்சா? கேஸ் சிலிண்டர மூடியாச்சான்னு நாலு தரம் வந்து பாக்குற ஆளாச்சே" என்றாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவள் திரும்பினாள். "போய்ப் பாத்துட்டே வாங்க. இல்லாட்டி இந்த நெனப்புல மிஷின்ல கையக் குடுத்துருவீங்க."

ஊராட்சி அலுவலகத்தில் செயலர் எழுதி முடித்துப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு தடவ வாசிச்சுக்கிறேன்."

"ஏன் மாப்ள, ஊர எழுதி வித்துட்டேன்னு நெனச்சியா?"

"அப்படியில்லண்ணே. எனக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிருது."

"எட்டாவதோட நின்ன ஆளு நீ எப்ப வாசிச்சு முடிக்க, நான் எப்ப பஸ் ஏற?" சிரித்தபடியே நோட்டைத் தந்தார்.

விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் போனேன். சுரங்கம் வேண்டாம், துளை போடக் கூடாது, எல்லாம் இருந்தது. 'பட்டா நிலங்களில்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"அண்ணே, மேய்ச்சக் காடு?"

"அது சர்க்கார் எடந்தான மாப்ள."

"அங்கதானண்ணே தொள போட்டிருக்கான்."

அவர் நோட்டை வாங்கி மறுபடி படித்தார். "பழைய தீர்மானம் ஒண்ணப் பாத்து எழுதுனேன். அதுல பட்டான்னு இருந்துச்சு" என்றார், மெதுவாக. வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது.

முதல் கையெழுத்துக்கு மேலே மூன்று விரற்கடை இடம் மிச்சமிருந்தது. எந்த இடத்தை நினைத்துப் பயந்து ஓடிவந்தேனோ, அதே இடம். 'மேய்ச்சல் புறம்போக்கிலும் கண்மாயிலும் கூடாது' என்று நெருக்கி எழுதினார்.

அதற்கும் எனக்குப் பயம் வந்தது. "பின்னால சொருகுனதுன்னு சொல்லுவாய்ங்கண்ணே."

அவர் என்னை முறைத்தார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினார்.

மேய்ச்சல் காட்டில் அந்தச் சிமெண்ட் மூடியைச் சுற்றி ஆடுகள் நின்றன. பெண்களைக் கூப்பிட்டு, செயலர் முழுவதையும் உரக்க வாசித்தார். அந்த வரியின் ஓரத்தில் ஒவ்வொருவராக மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். என் மனைவி பேனாவை வாங்கவில்லை.

"கடேசி வரிய இன்னொருக்க வாசிங்க" என்றாள்.

வாசித்த பிறகே போட்டாள். தீர்மானம் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் காட்டுப்பக்கம் வண்டியைத் திருப்பி, புதிதாகத் துளை விழாமல் அந்த ஒரு சிவப்பு எண்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வீட்டுக்குப் போகிறேன்.