வால் குருவிக்கு ஒரு தழை மறைப்பு

எண்பத்திரண்டாம் வருஷம், வைகாசி மாதம். ரங்கனுக்குப் பேத்தி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து வந்த காலை பஸ்ஸில் காமிராப் பையோடு ராஜேந்திரன் இறங்கியதும், ரங்கன் ஓடிப்போய் முதலில் சொன்னது அதைத்தான்.

"பேத்தி சார்! மூக்கு அப்படியே என்னோட மூக்கு."

"பாவம், கொழந்தை இன்னா பண்ணுச்சு?"

இருவரும் சிரித்துக்கொண்டே ஓடைப் பக்கம் நடந்தார்கள்.

ராஜேந்திரன் வேலூரில் காலேஜ் வாத்தியார். லீவு கிடைத்தால் பறவைகளைப் படம் பிடிக்க மலைக்கு வந்துவிடுவார். சாமை விதைக்கிற ரங்கனுக்குப் படிப்பு கையெழுத்தோடு சரி. ஆனால் எந்தக் குருவி எந்த மரத்தில் கூடு கட்டும் என்று அவரைக் கேட்காமல் ராஜேந்திரன் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. ஓடைக்கரைப் புங்க மரத்தில் வால் குருவிக் கூட்டைப் போன வாரம் காட்டியதும் ரங்கன்தான். ஆண் குருவி பால் வெள்ளை. வால் மட்டும் ஒரு சாணுக்கு மேல் ரிப்பன் போலத் தொங்கும். அது கூட்டில் உட்கார்ந்திருப்பதை ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்பது ராஜேந்திரனின் பல வருஷத்து ஆசை. அன்றைக்குத் தழை மறைத்து, ஒன்றும் எடுக்க முடியவில்லை.

இன்றைக்கு மறைப்பே இல்லை. கூடு சின்னக் கிண்ணம் போல வெட்டவெளியில் தெரிந்தது. ராஜேந்திரன் காமிராவைத் தூக்கிப் பார்த்தார். எடுக்காமல் இறக்கிவிட்டார்.

"எடுங்க சார். இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க?"

"இங்க இருந்த கிளையெல்லாம் எங்க ரங்கண்ணே?"

"நாந்தான் விடியகாலம் வந்து கழிச்சி வுட்டேன். மறைக்குதுன்னு சொன்னீங்களே!"

பயிர்மேல் நிழல் விழுந்தால் கிளையைக் கழிப்பது ரங்கனுக்குக் கை பழகிய வேலை. ராஜேந்திரன் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தார்.

"அந்தத் தழைதாண்ணே குஞ்சுங்களுக்குக் கூரை. தாய் எப்படி நிக்குது பாருங்க."

ரங்கன் காமிரா வழியாகப் பார்த்தார். பழுப்பு நிறப் பெட்டைக் குருவி இரண்டு இறக்கையையும் விரித்து, இறகு முளைக்காத குஞ்சுகள்மேல் வெயில் படாமல் மறைத்து நின்றது. வாய் திறந்து மூச்சிரைத்தது. மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை.

ரங்கன் வீட்டு மூலையில் மகள் பச்சையம்மா புடவை மறைப்புக்குப் பின்னால் குழந்தையோடு படுத்திருந்தாள். வெயிலும் காற்றும் படக்கூடாதென்று அந்த மறைப்பைக் கட்டியவரே ரங்கன்தான். அவர் முகம் சுண்டிப்போனது.

"செத்துப்பூடுமா சார்?"

"நிழல் இல்லேன்னா மத்தியானம் தாங்காது. காக்கா கண்ணுல பட்டா அதுக்கு முன்னாடியே போச்சு."

ரங்கன் வேறு தழை வெட்டக் கொடுவாளோடு கிளம்பினார். ராஜேந்திரன் கையைப் பிடித்தார்.

"அவசரப்பட்டா கூட்டையே விட்டுட்டுப் போயிடும். ஒரு கிளை நடுவோம், தள்ளி வந்துடுவோம். அது திரும்பி வந்தா அடுத்தது."

தழைக் கிளையை மூங்கிலில் கட்டி, கூட்டுக்குப் பக்கத்தில் நட்டார் ரங்கன். குருவி பறந்தது. பாறைக்குப் பின்னால் வந்து பதுங்கினார்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்தது. இரண்டாவது கிளை நட்ட பிறகும் வந்தது. மூன்றாவதை நட்டதும் கூடு முழுக்க நிழலுக்குள் போனது. ஆனால் குருவி வரவில்லை.

கால் மணி ஆனது. அரை மணி ஆனது. காலையிலிருந்து பேத்தியைப் பற்றியே பேசிய ரங்கன் துண்டை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"வருமா சார்?"

"தெரியலையேண்ணே."

அப்போது வெள்ளையாக ஒன்று வந்தது. வாயில் பூச்சி. கூட்டை இரண்டு தரம் சுற்றிவிட்டு விலகிப் போனது. ரங்கன் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் தரம் அது தழைக்குள் நுழைந்தது. குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் கேட்டது. பின்னாலேயே பழுப்புக் குருவியும் உள்ளே போனது.

"பாத்தீங்களா சார், ஆம்பளதான் மொதல்ல வந்தான்!"

"ஆமா, கிளையக் கழிச்சவனும் ஆம்பளதானே!"

ரங்கன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராஜேந்திரன் காமிராவைத் தூக்கினார். கூடு தெரியவில்லை, தழைக்கு வெளியே வால் மட்டும் தொங்கியது. அதையே ஒரு படம் எடுத்தார்.

"இந்த வருஷம் நமக்கு வால்தாண்ணே."

"என்னாலதான் சார் கெட்டுச்சி."

"குஞ்சு பொழைச்சுதே, விடுங்க."

சாயங்கால பஸ்ஸுக்கு நேரமானது. எப்போதும் ரோடுவரை வழியனுப்ப வரும் ரங்கன் இன்றைக்கு வரவில்லை.

"வெட்டுன தழை நாளைக்கு வாடிப்பூடும் சார். குஞ்சு பறக்கற வரைக்கும் தெனம் விடியகாலம் நான் மாத்தறேன். நீங்க போய்ட்டு வாங்க."

சொல்லிவிட்டு, நாளைக்கு எந்தக் கிளையை வெட்டலாம் என்று ஓடைக்கு அக்கரையில் மரம் பார்க்கப் போனார்.