பத்துத் தப்படி தூரம்

தான் எழுதியதை ஒருவரால் படிக்க முடியுமா? வேலையில்லாதவர்கள் கேட்கிற கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும். தெரிந்ததன் மேல் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்படியானால் அவர் படிப்பது எதை? பலகைக்காரர் ஒருநாளும் இப்படிக் கேட்டவர் அல்ல. அவருடைய இருபத்தாறு வருட உத்தியோகம் அவருக்காக இதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊருக்கு வடக்கே இருக்கும் குன்றுகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. மழைநீர் பாறையை உள்ளுக்குள் கரைத்துக் கரைத்துக் குகைகளாக்கியிருக்கிறது. சில இடங்களில் குகையின் கூரை தாங்காமல் மேலே உள்ள தரை மரம் செடியோடு உள்வாங்கிவிடும். ஊரார் அந்தப் பள்ளங்களுக்கு விழுங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். காப்புக்காடாக அறிவித்து நடைபாதை போட்டபோது நாற்பத்தொரு விழுங்கிகள் இருந்தன. டிரெக்கிங் வருகிறவர்கள் முதுகுப்பையும் புது ஷூவுமாகக் காலையில் ஏறி, இரண்டு குகைகளுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, மாலையில் நொண்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒவ்வொரு விழுங்கிக்கும் ஓர் எச்சரிக்கைப் பலகை உண்டு. அதை எழுதுவதும், நடுவதும், வெயிலில் வெளுத்தால் மறுபடி எழுதுவதும் அவர் வேலை.

ரேஞ்சர் அலுவலகத்தின் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. டர்பன்டைன் வாடை, காயப்போட்ட பலகைகள், மூக்கு உடைந்த ஒரு தேநீர்க் கெட்டிலில் தூரிகைகள். எழுதும்போது அவர் உதடு அசையும். ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் உச்சரித்துத்தான் கை இழுக்கும். ஆரம்பத்தில் உச்சரிக்க அதிகம் இல்லை. "பள்ளம். விலகிப் போ." அவ்வளவுதான். உள்ளங்கை அகல எழுத்து. பாதையில் போகிறவர் நடையை நிறுத்தாமலே படிக்கலாம்.

பிறகு ரேஞ்சர்கள் மாறினார்கள். இரண்டாமவர் "போ" என்பது மரியாதைக் குறைவு என்று "போகவும்" ஆக்கினார். மூன்றாமவர், இவ்விடத்தில் நேரும் எதற்கும் வருகையாளரே பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்தார். நான்காமவர் சுத்தத்தில் ஆர்வமுள்ளவர், குப்பை போடாதீர் என்று ஒரு வரி. ஐந்தாமவருக்கு வௌவால்கள் மேல் பரிவு. பலகையின் அளவு மட்டும் மாறவில்லை. கிடங்கில் ஒரே அளவுப் பலகைதான் வரும். எச்சரிக்கையைப் பெரிதாகவும் வௌவாலைச் சிறிதாகவும் எழுதட்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டார். ஒரு வரிக்கு ஒரு அளவு, இன்னொரு வரிக்கு வேறு அளவு என்றால் பின்னால் கேள்வி வரும் என்று பதில் வந்தது. எழுத்து சுண்டுவிரல் நகத்தளவுக்கு வந்து நின்றது. பாதையை விட்டு விலகி, பள்ளத்தின் ஓரம்வரை போனால்தான், விலகிப் போகச் சொல்லியிருப்பது தெரியும்.

இதனால் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. காரணம், யாரும் படிக்கவில்லை. பலகை என்றால் ஆபத்து என்று எண்ணிப் பாதையோடு போய்விட்டார்கள். ஐந்தாமவர் காலத்தில் ஒரு மழைக்குப் பின் பதினேழாம் விழுங்கிக்கு வந்த மருந்துக்கடைக்காரம்மாதான் முதல் வாசகி. முப்பது வருடமாக மாத்திரை அட்டையின் பின்பக்கப் பொடியெழுத்தைப் படித்தே பிழைப்பு நடத்துகிறவர். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் முடிக்காமல் விடமாட்டார். பலகையருகே போய் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். மழையில் அடிமண் கரைந்திருந்தது. பலகை நின்றது; அவர் நின்ற இடம் இறங்கியது. இரண்டு ஆள் ஆழத்தில் சருகுக் குவியல் மேல் விழுந்ததால் உயிர் தப்பினார். கணுக்கால் முறிந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆபத்துப் பலகையையே படிக்கத் தெரியாதவர் மருந்துச் சீட்டை எப்படிப் படிப்பார் என்று பேச்சு கிளம்பியது. முதலில் கேலியாகத்தான். பிறகு, வயதானவர்கள் இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொரு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கடைக்காரம்மா காப்புக்காட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். இழப்பீடு கேட்கவில்லை. தான் பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் விழுந்ததாகப் பதிவுசெய்ய வேண்டும். அது ஒன்றே கோரிக்கை.

அலுவலகத்துக்கு அது பெரிய இக்கட்டு. படித்தும் விழுந்தார் என்றால் பலகை தப்பு. பலகை தப்பென்றால் எழுதியவர் தப்பு. அவருக்கோ ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. தலைமை அலுவலகம் மூன்று பேர் குழு ஒன்றை அமைத்தது. எழுத்து பத்துத் தப்படி தூரத்திலிருந்து தெரிகிறதா என்று சோதிப்பது அதன் வேலை. தெரிந்தால் அந்த அம்மாள் எச்சரிக்கையை அலட்சியம் செய்தவர். தெரியாவிட்டால் பலகைக்காரர் கடமை தவறியவர். யார் படிப்பது என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். வெளியாள் என்றால் தப்பாகப் படித்துவிடலாம். எழுதியவரே படித்தால் பிழை வராது என்று முடிவானது. இந்த முடிவை எடுத்த மூவரும் படித்துப் பட்டம் பெற்றவர்கள்.

ரேஞ்சர், ஐந்தாமவர்தான், கொட்டகைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நாலு வரி, அண்ணே. உங்களுக்குத்தான் தூக்கத்துல கேட்டாக்கூட வருமே."

"வரும் சார்."

"அப்புறம் என்ன? பத்துத் தப்படியில நின்னு கடகடன்னு சொல்லிட்டு வாங்க. மாலை மரியாதையோட ரிட்டயர் ஆயிடலாம்."

வீட்டில் மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் தயக்கம் ஏதும் இல்லை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார், எழுதினதைச் சொல்லப்போகிறார், இதில் பொய் எங்கே வந்தது என்றாள். ரேஞ்சர்களின் ஆசையெல்லாம் ஒரே பலகையில் ஏறியதற்கு இவர் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றும் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான்.

சோதனைக்கு முந்தின நாள் அவர் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரம்மா மாவுக்கட்டுக் காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வேறு ஆள் இல்லை. இவர் தான் யார் என்று சொன்னார்.

"தெரியும். தலைவலிக்கா, இல்ல என்னைப் பாக்கவா?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"பாருங்க. காசு கிடையாது." பிறகு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கடைசி வரிக்கு வரதுக்குள்ள கீழ போயிட்டேன். அதுல என்ன இருந்துச்சு?"

"வௌவால்களைத் தொந்தரவு செய்யாதீர்."

"நான் செய்யலையே. அதுங்கதான் ஒரு மணி நேரம் என் தலைமேல சுத்துச்சு."

இவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிறர் காலில் விழுந்து தன் பேரைக் காப்பாற்றிக்கொள்கிற ரகம் இல்லை அவர். இவர் தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை குழு ரேஞ்சரோடு மலையேறியது. குழுவினர் மூவரும் அலுவலக ஷூவில் வந்திருந்தார்கள். முதல் குகையின் வாயிலிருந்து குளிர்ந்த காற்று வந்தபோது ஒருவர் உள்ளே ஏசி போட்டிருக்கிறதா என்று கேட்டார்; வேடிக்கைக்கா என்று தெரியாததால் மற்றவர்கள் பாதிச் சிரிப்போடு நடந்தார்கள். பாதை வேர்களுக்கும் பாசி பிடித்த பாறைகளுக்கும் இடையே ஏறி இறங்கியது. பலகைக்காரர் எல்லோருக்கும் முன்னால், மூங்கில் கழியால் தரையைத் தட்டித் தட்டி நடந்தார். ஒன்றரை மணி நேரத்தில் பதினேழாம் விழுங்கி வந்தது.

பள்ளத்தின் உதடு இப்போது பலகைக்கு மிக அருகில் இருந்தது. பிளந்த மண் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. பலகையிலிருந்து பத்துத் தப்படி அளந்து, இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டினார்கள். குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இளையவர் நோட்டைத் திறந்தார்.

"ஆரம்பிக்கலாங்க," என்றார் தலைவர்.

பலகைக்காரர் கயிற்றுக்கு முன்னால் நின்று பலகையைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் மங்கிக்கொண்டு வந்தது உண்மைதான், ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் திணறுவார் என்று மனைவி பின்னாளில் சொன்னாள். எதிர்க் குன்றில் மேய்கிற ஆடுகளை எண்ணிச் சொல்கிறவருக்குக் கண்ணில் என்ன குறை என்றார் ரேஞ்சர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எழுத்து ஆடும் அல்ல, ஊசியும் அல்ல.

அவர் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார்.

"அண்ணே, அங்கிருந்தே சொல்லுங்க," என்றார் ரேஞ்சர். பிறகு தாழ்ந்த குரலில், "அண்ணே, அந்தப் பக்கம் மண்ணு சரியில்ல."

அவர் கழியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். ஐந்தாவது தப்படியில் ஒரு கணம் நின்றார். ஏழாவதில் அவர் காலடியிலிருந்து சிறு கற்கள் உருண்டு விழும் சத்தம் கேட்டது. குழுவில் யாரும் அசையவில்லை. இளையவர் மட்டும் ஒவ்வொரு தப்படியையும் குறித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரம்மா நின்ற இடத்தை ஒட்டி, அவர் நின்றது போலவே பலகைக்குக் கைநீட்டும் தூரத்தில் நின்றார். அங்கிருந்து, அன்றுதான் எழுத்துக்கூட்டப் பழகுகிறவரைப் போல, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து உரக்கப் படித்தார்.

ஒன்பதாம் தப்படியில் படிக்கப்பட்டது என்று பதிவானது. அலட்சியம் என்ற சொல் அந்த அம்மாள் பேரில் ஏறவில்லை; பலகைக்காரரின் பணிப் புத்தகத்தில்தான் கடமை தவறியவர் என்று ஒரு வரி ஏறியது. கண் தெரியவில்லையா, மனசு வரவில்லையா என்று மனைவி கேட்டாள், ரேஞ்சர் கேட்டார், குழுத் தலைவர் எழுத்துமூலமாகவே கேட்டார். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.