கரி பூசிய கண்ணாடி

சாமி படக் கண்ணாடியில் படிந்த கற்பூரக் கரியை இன்று துடைக்கும்போது பழைய எரிச்சல் திரும்பி வந்தது. ப்ளஸ் டூ படிக்கையில், இயற்பியல் பாடத்து ஒளிச் சோதனைக்காக, இப்போது இல்லாத எங்கள் ஆரணித் தறிவீட்டில், ஒரு கண்ணாடித் துண்டை விளக்கில் காட்டிக் கரியாக்கி, பிளேடால் நெருக்கமாக இரண்டு கீறல் போட்டு, கண்ணருகே பிடித்துத் தூரத்துச் சுடரைப் பார்ப்பேன். தறி அதிரும், கை நடுங்கும், சுடர் பிரிந்து தெரியும் ஒளிக்கோடுகள் கலைந்து மறுபடி கூடும். நடுவில் பளிச்சென்று ஒரு கோடு, பக்கத்தில் இருட்டு, மறுபடி வெளிச்சம், ஓரம் போகப்போக மங்கி ஒன்றுமில்லாமல் போகும். கண்டபடியே டீச்சருக்காகப் பென்சிலில் வரைந்தேன்.

சேலைக் கரையில் ஒரு கோடு மங்கினாலும் முதலாளி திருப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில் அப்பா என் படத்தைப் பார்த்தார்.

"இன்னாமா இது, ஓரத்துல சாயம் போன மாதிரி கீது?"

நான் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாக் கோடுகளையும் ஒரே அழுத்தத்தில் அழகாகத் தீட்டி வைத்திருந்தார். மறுபடி வரைய நேரமில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வகுப்பில் டீச்சர் அதன் குறுக்கே சிவப்பு மையால் அடித்தார்.

"எல்லாம் ஒரே வெளிச்சமா? பாக்காமலே வரைஞ்சிகினு வந்தியா?"

அப்பாவைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. ஓரம் மங்கும் கோடுகளைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வரைந்த மற்ற எல்லோருக்கும் சரி போட்டார். கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.