கிளம்புவதற்கென்று ஒரு பேட்டரி

நியூசிலாந்தில் கண் விழித்ததும் நான் முதலில் பார்ப்பது இரண்டு சின்ன விளக்குகளை. இரண்டும் பச்சையாக இருந்தால்தான் பல் துலக்கவே மனம் வரும். வாடகை கட்டி மாளாமல் பழைய கேம்பர் வேன் ஒன்றில் குடியிருக்கிறேன். அதன் இரண்டு பேட்டரிகளின் சார்ஜைக் காட்டும் விளக்குகள் அவை. ஒரு பேட்டரி உள்ளே எரியும் பல்புக்கும் ஃபிரிட்ஜுக்கும். அதற்குப் பெயர் ஹவுஸ் பேட்டரி. இன்னொன்று இன்ஜினைக் கிளப்ப மட்டும், ஸ்டார்ட்டர். இன்ஜின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஏறும். நின்றதும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். வேனை விற்ற கிழவர், "ஹவுஸ் பேட்டரி தீர்ந்தாலும் பரவாயில்லை, ஸ்டார்ட்டரை மட்டும் தொட்டுவிடாதே" என்றார். "எனக்கு ஹவுஸே கிடையாதே" என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து முதுகில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

போன முறை அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சென்னையில் அதே மாதிரி ஒரு வேனை வாடகைக்கு எடுத்தேன். அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷின்தான். படுத்தபடியே ஒருமுறை மலையைச் சுற்றட்டும் என்று எனக்கு ஆசை. அண்ணியிடம் இரண்டு பேட்டரியையும் காட்டிப் பெருமையாக விளக்கினேன். அண்ணி பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் பொரிகடலை விற்பவர். அங்கே எந்த லோடு ஆட்டோ நின்றாலும் அதன் பேட்டரியில் ஒயரை மாட்டிக் கடைக்கு பல்பு எரிப்பார்கள். விடிந்ததும் நாலு பேர் கூடி ஆட்டோவைத் தள்ளிக் கிளப்பிவிடுவார்கள்.

"கிளம்பறதுக்குன்னே ஒண்ணத் தனியா வெச்சிருக்கீங்களா தம்பி?" என்று அண்ணி சிரித்தார்.

"அதைத் தொடவே கூடாது அண்ணி" என்றேன், அந்தக் கிழவரின் குரலில்.

மறுநாள் சூறைக்காற்று. கரண்ட் போனது, மதியத்துக்குள் வீட்டு இன்வெர்ட்டரும் தீர்ந்தது. சாலையெல்லாம் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வர வழியில்லை. அம்மாவை வேனில் படுக்கவைத்து மெஷினை ஹவுஸ் பேட்டரியில் ஓட்டினோம். அது இறங்க இறங்க இன்ஜினைப் போட்டு ஏற்றினேன். அப்படியே எவ்வளவு நேரம் சமாளிப்பது? ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வர அண்ணனும் நானும் பைக்கில் வேங்கிக்கால் வரை போனோம். போனில் டவர் இல்லை. சிலிண்டரோடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

வந்ததும் என் கண்ணில் பட்டது வேனின் திறந்த பானெட். ஸ்டார்ட்டரிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே போய், ஹவுஸ் பேட்டரியில் மாட்டியிருந்தது. அம்மாவைப் பார்ப்பதற்கு முன்பே கத்திவிட்டேன்.

"யார் இதைத் தொட்டது? அறிவில்ல?"

அண்ணி அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தார். "மெஷின் கீ கீன்னு கத்துச்சு தம்பி. அத்தைக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு. இன்ஜினப் போடலாம்னு பார்த்தா சாவியக் காணோம். வேற என்னங்க பண்றது?"

கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. அம்மாவின் மூச்சையே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். மூக்கில் குழாயோடு அம்மா கையை மெல்ல அசைத்தாள். "அவளத் திட்டாதடா."

சிலிண்டரை மாட்டினோம். அதற்குள் சாலையில் விழுந்த மரத்தை வெட்டி வழிவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சாவியைத் திருகினால் டக் என்றது, அவ்வளவுதான். மறுபடி திருகினேன், மறுபடியும் டக். அண்ணி தெருவைப் பார்த்து, "வேன் நின்னுபோச்சு, கொஞ்சம் வாங்க!" என்று ஒரு குரல் கொடுத்தார். மரம் வெட்டியவர்கள் அரிவாளைப் போட்டுவிட்டு வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"செகண்ட்ல போட்டு கிளட்ச்ச வுடுங்க சார்" என்றார் ஒருவர். நான் பிறந்த தெருவில் எனக்கு சார்!

வேன் உலுக்கிக்கொண்டு கிளம்பியது. அம்மா பிழைத்துவிட்டாள். இப்போதும் போனில் மூச்சு வாங்கியபடி, "சாப்ட்டியாடா?" என்கிறாள். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை.

நியூசிலாந்து திரும்பியதும் என் வேனுக்குள் கதவோரம் ஓர் ஆணி அடித்தேன். கதவைப் பூட்ட வேறு சாவி இருக்கிறது. இன்ஜின் சாவியை, வீட்டில் இருப்பவர்களின் கைக்கு எட்டட்டும் என்று, அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் இரண்டு விளக்கும் பச்சையாக எரிகின்றன. சாவி மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது. எடுப்பதற்கு உள்ளே யாரும் இல்லை.